கார்ட்ல இருக்குறத வாங்குறதுக்கு முன்னாடி: மூணு வயசு பையனுக்கு எது வேணும், எது வேணாம், எங்க போய்க் கேக்கணும்

தங்கச்சி, நீங்க கேட்டத ரெண்டு தடவ படிச்சேன். பையனுக்கு மூணு வயசு, பேச்சு இன்னும் வரல, ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, இஐபிஐசிக்கு, அதான் சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம், பேர் குடுத்துட்டு இடம் கிடைக்கக் காத்திருக்கீங்க, அது வரைக்கும் கைய கட்டிட்டு இருக்க மனசு வராம ஷாப்பி ஆன்லைன் கடையில நிறைய சாமான் கார்ட்ல, அதான் வாங்குற கூடையில, போட்டு வெச்சிருக்கீங்க. இதையெல்லாம் வாங்கலாமா, சிங்கப்பூர் அரசாங்கத்துல என்ன உதவி இருக்கு, மாமியார் பிள்ளையோட தமிழ்ல பேசுறத நிறுத்தச் சொல்லணுமா, இதானே கேள்வி. என் மகனுக்கு இப்ப 14 வயசு, அவனும் ஆட்டிசம்தான். அஞ்சாறு வருஷமா புதுசா வர்ற அம்மா அப்பாக்களோட உக்காந்து இதே விஷயத்தத்தான் பேசிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பிள்ள தூங்குன அப்புறம் படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நானும் அந்த மாதிரி ராத்திரி ஒரு மணிக்கு ஃபோன வெச்சுக்கிட்டு வாங்குனவதான். 180 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்தான்) உள்ள கனம் வெச்சுத் தைச்ச வெஸ்ட் ஒண்ணு வாங்குனேன், மாட்டிவிட்ட உடனே அவன் தரையில படுத்து அழுதான், அதுக்கப்புறம் அது அலமாரியில அஞ்சு வருஷம் கிடந்துச்சு. அப்ப எனக்கு யாரும் சொல்லல, பொருள் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பிள்ளைய பாக்கணும்னு. எந்த நேரத்துல காத பொத்துறான், எத வாயில வைக்கிறான், எங்க ஓடுறான், எதுக்கு அழுகை நிக்குது, இத ஒரு நோட்டுல எழுதுங்க. என் தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேன், அந்த நோட்டுதான் நீங்க வாங்கப் போற எல்லா சாமானயும் விட முக்கியம்.

சரி, உங்க கார்ட்ட ஒவ்வொண்ணா பாப்போம்.

உள்ள கனம் வெச்சுத் தைச்ச போர்வை. மூணு வயசுக்கு வேணாம். பிள்ள தானா தள்ளிவிட்டு வெளிய வர முடியாத எந்தக் கனமும் தூங்கும்போது மேல இருக்கக்கூடாது, மூச்சு விஷயம் இது. 2014ல பிரிட்டன்ல ஆட்டிசம் உள்ள 67 பிள்ளைகள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, கனப் போர்வையால தூங்குற நேரம் கூடலன்னு வந்துச்சு, ஆனா சாதாப் போர்வையவிட அது பிடிச்சிருக்குன்னு பிள்ளைகளும் பெத்தவங்களும் சொன்னாங்க. அதனால அவன் பெரிய பையனா ஆன அப்புறம், அவனுக்குப் பிடிச்சிருக்குன்னா சரி, ஓ.டி தெரப்பிஸ்ட்ட (அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி குடுக்குறவங்க) கேட்டுட்டு வாங்கலாம். இப்ப எடுத்துடுங்க.

மெல்லுற செயின். இது இருக்கட்டும். சட்டைக் காலர கடிச்சு கடிச்சு நனைக்கிறான்னு சொன்னீங்க, அப்ப அவனுக்கு அது தேவை. உணவுத் தர சிலிக்கானான்னு பாருங்க, கயிறு இழுத்தா தானா கழண்டுடணும், அப்படிக் கழலாதது கழுத்துக்கு ஆபத்து. தூங்கும்போது கழட்டிடுங்க. வாரத்துக்கு ஒருக்கா நல்லா வெளிச்சத்துல வெச்சு பாருங்க, பல்லுபட்டு துண்டு கிளம்புற மாதிரி இருந்தா தூக்கிப் போடுங்க.

காது மஃப், சத்தத்தக் குறைக்க காதுமேல மாட்டுறது. கண்டிப்பா இருக்கட்டும். நாதஸ்வரம் தவில்னா என் மகனுக்கு உடம்பே நடுங்கும், நாங்க ரெண்டு வருஷம் கோயிலுக்கே போகல. மஃப் வாங்குன அப்புறம் சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் இல்லாத நேரமா பாத்து கூட்டிட்டுப் போனோம், மணி அடிச்சப்போ அவன் கையால மஃப்ப இன்னும் கொஞ்சம் அழுத்திக்கிட்டு அப்படியே நின்னான், ஓடல. அன்னிக்கு நான் சாமி கும்பிட்டதவிட அவனப் பாத்துட்டு நின்னதுதான் அதிகம். ஒண்ணு மட்டும், நாள் முழுக்க மாட்டி வைக்காதீங்க, காது அமைதிக்கே பழகிட்டா சின்ன சத்தமும் பெருசா கேக்க ஆரம்பிச்சுடும்னு தெரப்பிஸ்ட்டுங்க சொல்லுவாங்க. கோயில், கல்யாண மண்டபம், தேக்கா மார்க்கெட், எம்ஆர்டி ரயில் கூட்டம், அந்த மாதிரி இடத்துக்கு மட்டும்.

300 ஃபிளாஷ் கார்ட் உள்ள டப்பா. வேணாம்மா. அதுல இருக்குற ஆப்பிள், கரடி, பனிமனிதன் எதுவும் உங்க வீட்டுல இல்ல. அதுக்கு பதிலா உங்க ஃபோன்ல அவன் குடிக்கிற டம்ளர், அவன் செருப்பு, பாட்டி, குளியலறை வாளி, கீழ இருக்குற விளையாட்டுத் திடல், இத ஃபோட்டோ புடிச்சு பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி பின்னாடி வெல்க்ரோ ஒட்டுங்க. மொத்தச் செலவு 15 வெள்ளி தாண்டாது, வெல்க்ரோ டைசோலயே கிடைக்கும். ஃபிரிட்ஜ் கதவுல மேலருந்து கீழ வரிசையா ஒட்டுங்க: எந்திரிச்சா பல்லு, அப்புறம் பசியாற, அப்புறம் சட்டை, அப்புறம் பள்ளி. முடிஞ்சத அவன் கையாலயே பிச்சு கீழ இருக்குற டப்பால போடணும், அந்தப் பிக்கிற சத்தம் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியாம இருக்குறதுதான் பாதி அழுகைக்குக் காரணம், நமக்கு அது தெரியுறது இல்ல, ஏன்னா நம்ம தலையில அட்டவணை ஓடிட்டே இருக்கு.

நேரம் காட்டுற கடிகாரம், சிவப்பு வட்டம் குறைஞ்சுட்டே வருமே அது, உங்க கார்ட்ல இல்ல, ஆனா நான் சேக்கச் சொல்லுவேன். விளையாட்டுத் திடல்லருந்து வீட்டுக்கு வர்றதுக்கு நாங்க பட்ட பாடு புளோக் முழுக்கத் தெரியும். அஞ்சு நிமிஷம்னு சொன்னா அவனுக்குப் புரியாது, சிவப்பு தீர்ந்துடுச்சுன்னா புரியும். முதல் வாரம் அழுதான், மூணாவது வாரம் சிவப்பு தீர்ந்ததும் தானா வந்து என் கையப் புடிச்சான். இப்போதைக்கு ஃபோன்ல அதே மாதிரி இலவச ஆப் போட்டுப் பாருங்க, வேல செஞ்சா அப்புறம் கடிகாரமா வாங்கிக்கலாம்.

ஊஞ்சல். எச்டிபி, அதான் அரசாங்க அடுக்குமாடி வீட்டு சீலிங்ல ஹூக் போடுறது நம்மளா செய்யுற வேல இல்ல, கனம் தாங்குற விஷயம் தெரிஞ்ச ஆள வெச்சுதான் செய்யணும், அதுக்கும் முன்னாடி ஊஞ்சல் அவனுக்கு ஒத்துவருதான்னு பாக்கணும், சில பிள்ளைங்களுக்கு அமைதியாகும், சில பிள்ளைங்களுக்கு இன்னும் ஏறிடும். உங்களுக்கு பீஷான் அங் மோ கியோ பார்க் பக்கம்தானே, அங்க எல்லாப் பிள்ளைகளுக்கும்னே கட்டுன விளையாட்டுத் திடல் இருக்கு, சக்கர நாற்காலியோட ஏறுற ஊஞ்சல் கூட உண்டு, ஒரு மாசம் அங்க ஆட்டிப் பாருங்க.

ஐபேடும் 300 வெள்ளிக்கு மேல உள்ள பேச்சு ஆப்பும். இத கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா உங்க மாமியார் பத்துன கேள்வியும் இதுலதான் வருது.

முதல்ல, படத்தையோ ஆப்பையோ காட்டிப் பேச வெச்சா பிள்ள வாயத் தொறக்கவே மாட்டான்னு சொல்லுவாங்க, அது சரியில்ல, ஆய்வுகள் அப்படிக் காட்டல, பல பிள்ளைங்களுக்கு அது பேச்சுக்குப் படியாத்தான் இருந்திருக்கு. கேக்குறதுக்கு ஒரு வழி கிடைச்ச உடனே அடி, கடி, கத்தல் குறையும், எங்க வீட்டுல அப்படித்தான் குறைஞ்சுச்சு. ஆனா நீங்க பாத்து வெச்சிருக்குற ஆப்ல தமிழ் கிடையாது. சென்னையில அஜித் நாராயணன்னு ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவர் உருவாக்குன அவாஸ் ஆப்ல தமிழ் இருக்கு, படத்த அழுத்தினா தமிழ்லயே சொல்லும். முதல்ல ஸ்பீச் தெரப்பிஸ்ட்ட பாத்துட்டு, எத்தன படம், எந்தக் கட்டம்னு அவங்க சொன்ன அப்புறம் எதையும் வாங்குங்க. ஐபேட்ல கைடட் ஆக்சஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணிட்டா பேச்சு ஆப்ப விட்டு யூடியூபுக்குப் போக முடியாது, இது தெரியாம நிறைய பேர் ஆப் வேல செய்யலன்னு விட்டுடுறாங்க.

இப்ப மாமியார். தயவுசெஞ்சு அவங்கள நிறுத்தச் சொல்லாதீங்க. எனக்கு ஒரு இடத்துல, பேர் வேணாம், வீட்டுல ஒரே மொழி பேசுங்க, இங்கிலீஷ் மட்டும்னு சொன்னாங்க. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ்ல யெஸ், நோ, கம், ஈட் இவ்வளவுதான் வரும். பேரன் குழம்பிடக்கூடாதுன்னு அவங்க பேசுறதையே நிறுத்திட்டாங்க. காலையில தாலாட்டு மாதிரி ஏதாவது பாடிட்டே அவனுக்குத் தலை சீவுவாங்க, அதுவும் நின்னுடுச்சு, வாய மூடிட்டு சீவுவாங்க. எட்டு மாசம் அப்படிப் போச்சு. அப்புறம் வந்த ஸ்பீச் தெரப்பிஸ்ட் கேட்டுட்டு ரொம்ப வருத்தப்பட்டாங்க, ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க ரெண்டு மொழி கேட்டு வளர்ந்தா பேச்சு இன்னும் பின்தங்குதுன்னு ஆய்வுல எங்கயும் வரல, யாருக்கு எந்த மொழி சரளமா வருதோ அதுல நெறைய பேசுங்கன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் எங்கம்மா பேரன மடியில வெச்சுட்டு ஒரு மணி நேரம் பேசுனாங்க. பிள்ளைக்கு வேண்டியது சொல்லோட எண்ணிக்கை, முகத்தப் பாத்துப் பேசுற ஆள், அத வீட்டுலயே இலவசமா குடுக்குறவங்க உங்க மாமியார்தான். பின்னாடி தொடக்கப்பள்ளியில தாய்மொழிப் பாடம் பாரமா இருந்தா விலக்கு கேக்க வழி இருக்கு, அது வேற விஷயம், வீட்டுப் பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஒரு சின்ன யோசனை: குரல் பதிஞ்சு வைக்கிற பட்டன் ஆன்லைன்ல மலிவா கிடைக்கும், வட்டமா, அழுத்தினா பதிஞ்சது கேக்கும். அதுக்கு எந்த மொழியும் ஒண்ணுதான். பாட்டி குரல்லயே "தண்ணி வேணும்"னு பதிஞ்சு தண்ணி ஜக்குக்குப் பக்கத்துல வைங்க. அவன் தெரியாம அழுத்துனாக்கூட உடனே தண்ணி குடுங்க, ஒவ்வொரு தடவையும். எங்க வீட்டுல பதினோராவது நாள் அவன் வேணும்னே அழுத்திட்டு ஜக்கப் பாத்தான்.

உங்க கார்ட்ல இல்லாத, ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி வேண்டிய பொருள் ஒண்ணு இருக்கு, ஜன்னல் கம்பி. ஒன்பதாவது மாடின்னு சொன்னீங்க, சோபா மேல ஏறுறான்னும் சொன்னீங்க. எல்லா ஜன்னலுக்கும், சமையலறை ஜன்னலுக்கும், பூட்டோட கம்பி போடுங்க, சாவி பெரியவங்க கைக்கு மட்டும் எட்டுற இடத்துல, ஆனா தீ கீ பிடிச்சா உடனே எடுக்குற மாதிரி இருக்கணும். வாசல் கேட்டுக்கு மேல ஒரு தாழ்ப்பாளும் கதவு தொறந்தா சத்தம் போடுற சின்ன அலாரமும். வெளிய போகும்போது சட்டையோட உள்பக்கம் உங்க ஃபோன் நம்பர் எழுதுன துணி லேபிள் தைங்க, பேர் சொல்லத் தெரியாத பிள்ள தொலைஞ்சா அதுதான் பேசும்.

அரசாங்க உதவிக்கு வர்றேன். முதல்ல எஸ்ஜி எனேபிள், உடற்குறை உள்ளவங்களுக்கு உதவுற அமைப்பு, அவங்க இன்ஃபோலைன் 1800 8585 885, அத ஃபோன்ல சேவ் பண்ணுங்க. எனேபிளிங் கைடுனு அவங்களோட வெப்சைட்ல எல்லாத் திட்டமும் ஒரே இடத்துல இருக்கு. ரெட்ஹில் எம்ஆர்டி பக்கம் லெங்கோக் பாரு 20ல எனேபிளிங் வில்லேஜ் இருக்கு, முன்ன தொழிற்கல்விப் பள்ளியா இருந்த இடம், 2015லருந்து இப்படி நடக்குது. அங்க டெக் ஏபிள்னு ஒரு இடத்துல பேச்சுக் கருவி, விசேஷ சுவிட்ச், கீபோர்டு எல்லாம் தொட்டு அழுத்திப் பாக்கலாம். எதையும் காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் அங்க போங்க, இரவல் கிடைக்குமான்னும் கேளுங்க.

அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்டுனு ஒண்ணு இருக்கு, பேச்சுக் கருவி, காது கேக்குற மெஷின், சக்கர நாற்காலி, நிக்க வைக்கிற ஸ்டாண்ட் மாதிரிப் பொருளுக்கு விலையில 90 சதவீதம் வரைக்கும் தருவாங்க, ஒருத்தருக்கு ஆயுசுக்கும் சேத்து 40,000 வெள்ளி உச்ச வரம்பு. ஆனா இத நல்லா கேட்டுக்கோங்க: தெரப்பிஸ்ட் பாத்து இந்தப் பொருள் வேணும்னு எழுதித் தரணும், ஒப்புதல் வந்த அப்புறம்தான் வாங்கணும், வாங்கிட்டு ரசீத நீட்டுனா கிடைக்காது. என் சித்தி மக இப்படித்தான் அவ பொண்ணுக்கு புடிச்சுட்டு நடக்குற வாக்கர அவசரப்பட்டு முழுக் காசு குடுத்து வாங்கிட்டா. கார்ட்ட இன்னிக்கே அழுத்த வேணாம்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம்.

நிறைய திட்டத்துக்கு குடும்ப வருமானத்த தலைக்கு இவ்வளவுன்னு பாப்பாங்க, அதாவது மொத்த வருமானத்த வீட்டுல இருக்குறவங்க எண்ணிக்கையால வகுப்பாங்க. உங்க மாமியார் அடையாள அட்டையில உங்க வீட்டு முகவரி இருந்தா அவங்களும் ஒரு தலை, அத விட்டுடாதீங்க. பேபி போனஸ் சிடிஏ கணக்குல, அதான் பிள்ளை பேர்ல இருக்குற வளர்ச்சிக் கணக்குல, காசு இருந்தா பாலர் பள்ளிக்கு மட்டும்னு நெனச்சு வெச்சிருக்காதீங்க, ஆரம்பகாலத் தலையீட்டு நிலையத்துக்கும் உதவிக்கருவி விக்கிற அங்கீகரிச்ச கடைகளுக்கும் பயன்படுத்தலாம். வருமான வரியில உடற்குறை உள்ள பிள்ளைக்கு வருஷத்துக்கு 7,500 வெள்ளி கழிவு இருக்கு, சாதாரணப் பிள்ளைக் கழிவவிட அதிகம், இத கேக்காமலே வருஷக்கணக்கா விட்டவங்கள எனக்குத் தெரியும். பணிப்பெண் வெச்சா அரசாங்கத்துக்குக் கட்டுற லெவி மாசம் 300க்கு பதிலா 60 வெள்ளின்னு சலுகை கேக்கலாம். ஹோம் கேர்கிவிங் கிராண்ட், வீட்டுல வெச்சுப் பாத்துக்குறதுக்கு மாசாமாசம் தர்ற உதவித்தொகை, 2019ல 200 வெள்ளியா ஆரம்பிச்சு 2023ல 400 வரைக்கும் வந்துச்சு, 2026 ஏப்ரல்லருந்து 600 வரைக்கும்னு அறிவிச்சாங்க, ஆனா அது சாப்பிட, குளிக்க, உடுத்த, கழிவறை போக, எந்திரிச்சு உக்கார, நடக்க, இந்த ஆறுல மூணுக்காவது எப்பவும் ஆள் உதவி வேணும்ங்குறவங்களுக்கு. உங்க பையனுக்கு இப்ப பொருந்துமான்னு தெரப்பிஸ்ட்டோட பேசிட்டு விண்ணப்பிங்க.

என் சித்தி மகளப் பத்தி சொன்னேன்ல, அவ பொண்ணுக்கு செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால உடம்ப அசைக்கிறதுல சிரமம். உங்க பையனுக்கு இது வேணாம், ஆனா படிக்கிற வேற யாருக்காவது உதவும். அந்தப் பிள்ள ரசம் குடிச்சா புரையேறும், நாங்க எல்லாம் ரசம் லேசானதுதானேன்னு ஊத்துவோம். தண்ணி மாதிரி ஓடுறதுதான் விழுங்குறதுல சிரமம் உள்ள பிள்ளைக்கு ரொம்ப ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்னு ஸ்பீச் தெரப்பிஸ்ட் சொன்ன அப்புறம்தான் தெரிஞ்சுது, எவ்வளவு கெட்டியா இருக்கணும்னு அவங்கதான் அளவு சொல்லுவாங்க. அப்புறம் கப். சாதா கப்ல கடைசி வாய் குடிக்க தலைய பின்னாடி சாய்ச்சாகணும், அதுலதான் புரையேறும். மூக்குப் படுற பக்கம் யு மாதிரி வெட்டுன கப் விக்கிறாங்க. அவசரத்துக்கு அவ என்ன பண்ணான்னா மெத்துனு இருக்குற பிளாஸ்டிக் கப்ப கத்தரியால வெட்டி, ஓரத்த நகம் தேய்க்கிற அரத்தால வழவழன்னு தேய்ச்சு, தன் உதட்டுல வெச்சுப் பாத்துட்டுதான் பிள்ளைக்குக் குடுத்தா. பிள்ள தலை நிமிர்ந்தபடியே குடிச்சுது.

ஒரு எச்சரிக்கை, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். ஆட்டிசத்த குணமாக்கும்னு யார் என்ன வித்தாலும், சொட்டு மருந்து, பவுடர், உடம்புல இருக்குற உலோகத்த எடுக்குற சிகிச்சை, எதுவும் வேணாம். அந்த உலோகம் எடுக்குற சிகிச்சையில 2005ல அமெரிக்காவுல அஞ்சு வயசுப் பிள்ளையோட உயிரே போச்சு. சொந்தக்காரங்க அன்பாத்தான் கொண்டு வருவாங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டுதான் குடுப்பேன்னு சொல்லிடுங்க.

வெளிய போறதுக்கு: பொங்கோல் வட்டார நூலகத்துல, 2023ல தொறந்தது, சத்தம் தாங்காத பிள்ளைங்க உள்ள போய் அமைதியா உக்கார சின்ன அறை மாதிரி இடம் இருக்கு, வார நாள்ல போங்க. ஊருக்குப் போறதா இருந்தா சாங்கி விமான நிலையத்துல கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவங்களுக்கு சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை தருவாங்க, அத மாட்டிட்டா அங்க வேல செய்யுறவங்க புரிஞ்சு உதவுவாங்க.

பள்ளியப் பத்தி இப்பவே ராத்திரி முழிச்சு யோசிக்காதீங்க. 2019லருந்து விசேஷத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் வந்துடுச்சு. சாதாரணப் பள்ளியா, பாத்லைட், ஈடன், ரெயின்போ சென்டர் மாதிரி சிறப்புப் பள்ளியாங்குறது அஞ்சு ஆறு வயசுல மதிப்பீடு பண்ணிதான் தெரியும். நமக்கப்புறம் பிள்ளைக்கு யாருங்குற கேள்வியும் வரும், எனக்குத் தெரியும். அதுக்கு எஸ்என்டிசினு லாப நோக்கம் இல்லாத டிரஸ்ட் கம்பெனி இருக்கு, 5,000 வெள்ளியில ஆரம்பிக்கலாம், முதலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. நம்ம சிபிஎஃப் சேமநிதிக் காச நமக்கப்புறம் மாசாமாசம் பிள்ளைக்குக் கிடைக்கிற மாதிரி எழுதி வைக்கவும் வழி இருக்கு. 21 வயசானா நம்மளே சட்டப்படி அவனுக்காக முடிவெடுக்க முடியாது, நீதிமன்றத்துல அனுமதி வாங்கணும், அதுக்கு சிறப்புப் பள்ளிங்களே உதவுறாங்க. இதெல்லாம் இன்னும் சில வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

பேசுறதுக்கு ஆள் வேணும்னா கேரிங்எஸ்ஜில நம்ம மாதிரி பெத்தவங்கதான் இருக்காங்க, தமிழ்ல பேசணும்னா சிண்டாவுல, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் அது, கேளுங்க.

இஐபிஐசில இடம் கிடைச்ச உடனே முதல் நாள் அந்த நோட்ட எடுத்துட்டுப் போங்க. கூடவே அவன் சாப்பிடுறது ஒண்ணு, விளையாடுறது ஒண்ணு, அழுறது ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷ வீடியோ. புது இடத்துல அவன் மூலையில உக்காந்துடுவான், வீட்டுல அவன் எப்படி இருக்கான்னு வீடியோவுலதான் அவங்களுக்குத் தெரியும். கார்ட்ல மிச்சம் இருக்குறத அப்ப அவங்ககிட்ட காட்டி எது வேணும்னு கேளுங்க. இன்னிக்கு மெல்லுற செயினும் காது மஃப்பும் மட்டும் ஆர்டர் போடுங்க, ஜன்னல் கம்பிக்கு நாளைக்கு காலையிலயே ஆள கூப்பிடுங்க.